வான் பிடித்து மலைநாடு, நடந்து மலையுச்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்திலிருந்து வருடத்துக்கு ஒரு தடவையாவது வாடகை வான் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மலைநாட்டுக்குப் போவோம். அப்பா, அம்மா, நாங்கள் இருவர், பிள்ளைகள் இரண்டு பேர் (மூத்தவளுக்கு 13, இளையவனுக்கு 8), தம்பி குடும்பம், சில வருடங்களில் கனடாவிலிருந்து வரும் மச்சாள் வீட்டாரும். நுவரெலியாவில் குதிரையில் ஏறிப் படம் எடுத்துவிட்டு வருகிற பயணம் இல்லை இது, ஏதாவது ஒரு மலையின் உச்சிக்கு நடந்து ஏறுவதுதான் நோக்கம். படங்களைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள், நானும் ஒரே பதிலைத் துண்டு துண்டாக அனுப்பிக் களைத்துப்போனேன். அதனால் மொத்தமாக இங்கே.

பிள்ளைகளோடு ஏறக்கூடிய உச்சிகள் எவை?

இலங்கையின் மிக உயர்ந்த மலை பிதுருதலாகல, 2,524 மீற்றர். அதை முதலிலேயே பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள், ஏனென்றால் உச்சியில் பாதுகாப்பு முகாமும் ஒளிபரப்புக் கோபுரமும் இருப்பதால் நடந்து ஏற விடமாட்டார்கள், வாகனத்தில்தான் போகலாம். கால் வலிக்காமல் ஏறிய மலை மலையில்லை என்பது என் மகளின் கட்சி. வயதானவர்களுக்கு அது நல்ல இடம்தான்.

நடந்து ஏறக்கூடியவற்றில் உயரமானது கிரிகல்பொத்த, ஏறக்குறைய 2,390 மீற்றர். அடுத்தது தொட்டுபொல, 2,357 மீற்றர். இரண்டும் ஹோட்டன் சமவெளித் தேசியப் பூங்காவுக்குள் இருக்கின்றன. பிறகு எல்லோருக்கும் தெரிந்த சிவனொளிபாதமலை, 2,243 மீற்றர். எல்லப் பக்கம் போனால் சின்ன சிவனொளிபாதம் என்று ஒன்று உண்டு, 1,141 மீற்றர், ஒரு மணித்தியாலத்துக்குள் ஏறிவிடலாம்.

முதல் தடவை என்றால் தொட்டுபொலதான் என் தெரிவு. பட்டிப்பொல வாசலால் பூங்காவுக்குள் போனதும் வீதியோரத்திலேயே பாதை தொடங்குகிறது, ஒரு பக்கம் 2 கிலோமீற்றர்கூட இல்லை. ஆனால் சமவெளியே 2,100 மீற்றருக்கு மேல் இருப்பதால் நாட்டின் மூன்றாவது உயரமான மலையில் நின்றேன் என்று எட்டு வயதுக்காரன் வகுப்பில் சொல்லிக்கொள்ளலாம். இராவணனின் விமானம் இறங்கிய துறை அதுதான் என்று ஒரு கதையும் இருக்கிறது. தொட்டுபொல என்றால் சிங்களத்தில் துறை. அந்தக் கதையைச் சொன்னால் கடைசி ஏற்றத்தில் சின்னதுகள் முணுமுணுக்காமல் ஏறும்.

எந்த மாதம் போனால் மழை இல்லை?

இந்தக் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்க வேண்டும். மழை இல்லாத மாதம் என்று மலைநாடு முழுவதற்கும் பொதுவாக ஒன்று கிடையாது, மழை இல்லாத பக்கம் என்று ஒன்றுதான் உண்டு. இதை எனக்கு விளங்கப்படுத்தியது எந்தக் காலநிலைச் செயலியும் இல்லை, அப்பாதான். அவர் வடமராட்சிக்காரர், காற்றைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்.

மே முதல் செப்டெம்பர் வரை சோளகம். தென்மேற்கிலிருந்து கடல் ஈரத்தைச் சுமந்துகொண்டு வரும் அந்தக் காற்று ஹட்டன், மஸ்கெலியா, வட்டவளைப் பக்கத்து மலைகளில் மோதி மேலே ஏறும்போது குளிர்ந்து எல்லாவற்றையும் அங்கேயே கொட்டிவிடுகிறது. வட்டவளையில் வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. எங்கள் யாழ்ப்பாணத்துக்குக் கிடைப்பது 1,300 மில்லிமீற்றர் அளவுதான், அதற்கே நாங்கள் வெள்ளம் என்று கத்துகிறோம். அதே காற்று மலையைத் தாண்டி ஊவாப் பக்கம் இறங்கும்போது காய்ந்து, சூடேறி, மட்டக்களப்பாரைக் கச்சான் என்ற பெயரில் போட்டு வறுத்தெடுக்கிறது. (கச்சான் என்றதும் பிள்ளைகள் வறுத்த கச்சானை, அதாவது நிலக்கடலையை, கேட்பார்கள். கொண்டுபோங்கள், நல்ல மலைச் சாப்பாடு.) ஆக, ஓகஸ்ட் விடுமுறையில் போகிறவர்கள் எல்ல, பண்டாரவளை, பதுளைப் பக்கம் போக வேண்டும். அந்த நேரம் சிவனொளிபாதம் ஏறப் போனால் நனைந்த கோழிதான்.

டிசம்பர் வந்தால் எல்லாம் தலைகீழ். வாடை வடகிழக்கிலிருந்து வரும், ஊவாவும் கிழக்குச் சரிவும் நனையும், மேற்குப் பக்கம் மெல்ல மெல்ல வெளிக்கும். சிவனொளிபாத யாத்திரைக் காலம் டிசம்பர் பூரணையில் தொடங்கி மே மாத வெசாக்கோடு முடிவதற்குக் காரணம் இதுதான் என்று நான் நினைக்கிறேன், சமயம் காலநிலையைப் பார்த்துத்தான் நாள் குறித்திருக்கிறது.

இடையிலே இருக்கும் மார்ச், ஏப்ரலும் ஒக்டோபர், நவம்பரும் வேறு மாதிரி. காலை பளிச்சென்று இருக்கும், மத்தியானத்துக்குப் பிறகு இடி இடிக்கும். ஹோட்டன் சமவெளிக்கு எனக்குப் பிடித்த மாதங்கள் பெப்ரவரியும் மார்ச்சின் முற்பகுதியும்.

ஏப்ரலில் நுவரெலியாவுக்குப் போகாதீர்கள். வசந்தகால விழா, கார் ஓட்டப் பந்தயம், சித்திரை விடுமுறை எல்லாம் ஒன்றாக வந்து அறை வாடகை ஏறிக் கிடக்கும், மலை ஏற எடுக்கும் நேரத்தைவிட ஊரைக் கடக்க எடுக்கும் நேரம் அதிகம்.

போனில் காலநிலை பார்த்தால் போதாதா?

பாருங்கள், ஆனால் செயலி காட்டுவது ஊருக்கு, உச்சிக்கு இல்லை. நுவரெலியாவுக்கு வெயில் படம் போட்டிருந்த நாளில் தொட்டுபொலவில் என் கை எனக்குத் தெரியாத அளவுக்கு முகில் மூடியிருந்திருக்கிறது. நான் செயலியில் பார்ப்பது மழைப் படத்தை இல்லை, காற்றின் திசையையும் வேகத்தையும். காலையில் அம்பேவெல தாண்டும்போது மேட்டில் காற்றாலைகள் நிற்கும், அவை எந்தப் பக்கம் முகம் வைத்திருக்கின்றன என்று பிள்ளைகளைப் பார்த்துச் சொல்லச் சொல்வோம். செலவில்லாத கருவி.

அதைவிட நல்லது, அந்த ஊர் ஆட்களிடம் கேட்பது. தேயிலைத் தோட்டத்துக் கடைகளில் தமிழ்தான், கேட்க ஒரு கஷ்டமும் இல்லை. சிவனொளிபாத அடிவாரத்து ஊரான நல்லதண்ணியில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த ஒரு ஐயா ஒருமுறை சொன்னது: "வெயிலுக்கு ஏறுனா மழைக்கு எறங்கணும் தம்பி, இருட்டுல ஏறுங்க, வெயிலுக்கு எறங்கலாம்." நான் இதுவரை போட்ட எல்லாத் திட்டமும் அந்த ஒரு வசனத்துக்குள் அடங்கும். பத்து, பத்தரைக்குள் உச்சியை விட்டு இறங்கத் தொடங்கியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

யாழ்ப்பாணத்திலிருந்து எத்தனை நாள் வேண்டும்? எந்த வழி?

ஐந்து நாள். நாலு நாளில் முடிக்கலாம், ஆனால் அப்போது காலநிலைக்கென்று ஒதுக்கி வைக்கும் ஒரு நாள் இல்லாமல் போய்விடும். மாறுகிற காலநிலைக்குள் போகிறவர்களுக்கு அந்த வெறும் நாள்தான் முக்கியம். முதல் நாள் அதிகாலை 4 மணிக்கு வெளிக்கிட்டு ஏ9 வழியாக வவுனியாவில் காலைச் சாப்பாடு, தம்புள்ளை, மாத்தளை, மத்தியானத்துக்குள் கண்டி. பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு முன்பு கண்டியைக் கடந்துவிட வேண்டும், இல்லையென்றால் ஒரு மணித்தியாலம் போய்விடும். அப்புறம் கம்பளை, புசல்லாவை, றம்பொடை, நுவரெலியா. ஏறக்குறைய 400 கிலோமீற்றர், பத்துப் பதினொரு மணித்தியாலம்.

இரண்டாம் நாள் ஹோட்டன் சமவெளி, அதாவது தொட்டுபொலவோ கிரிகல்பொத்தவோ. மூன்றாம் நாள் ஓய்வு அல்லது முந்தின நாள் மழை கெடுத்ததைத் திரும்பச் செய்வது. அதன் பிறகு காற்றைப் பார்த்து முடிவெடுப்போம். மேற்கு வெளித்திருந்தால் தலவாக்கலை வழியாக ஹட்டன், அங்கிருந்து 30 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடத் தூரத்தில் நல்லதண்ணி. கிழக்கு வெளித்திருந்தால் வெலிமடை, பண்டாரவளை வழியாக எல்ல. இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நுவரெலியா இருப்பதால் முதல் மூன்று இரவுக்கும் அறையை அங்கேயே போட்டுவிட்டு, மிச்சத்தை முன்கூட்டிப் பதிவு செய்யாமல் வைத்திருப்பது எங்கள் வழக்கம். மனைவிக்கு இது பிடிக்காது. இரவு எங்கே படுக்கப்போகிறோம் என்று தெரியாமல் காலையில் வெளிக்கிடுவதா என்று ஒவ்வொரு தடவையும் கேட்பா.

சொந்த வாகனமா, வாடகை வானா?

மலை வீதியில் ஓட்டிப் பழகாதவர் என்றால் ஓட்டுநரோடு வான் எடுங்கள். ஆனால் ஓட்டுநரும் மலை பழகியவராக இருக்க வேண்டும், அதைக் கேட்டு உறுதிப்படுத்துங்கள். எங்களுக்கு ஒருமுறை வந்தவர் நல்ல மனிதர், வன்னி வீதிகளில் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவார், ஆனால் நுவரெலியாவிலிருந்து றம்பொடைக்கு இறங்கும்போது டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று கியரை நியூட்ரலில் போட்டுவிட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். பதினைந்து நிமிடத்தில் ஒரு கருகல் மணம். முதலில் அம்மா, யாரோ குப்பை எரிக்கிறார்கள் என்றா. பிறகு பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போவதாக ஓட்டுநரே சொன்னார். நல்லவேளை, ஒரு மரக்கறிக் கடைக்கு முன்னால் கொஞ்சம் சமமான இடம் கிடைத்தது. அங்கே 40 நிமிடம் நின்றோம். தண்ணீர் ஊற்றப் போனவரை அப்பா தடுத்துவிட்டார், கொதிக்கிற இரும்பில் குளிர்தண்ணீர் பட்டால் வெடிக்கும், தானாக ஆற விட வேண்டும். மீதி வழி முழுக்க இரண்டாவது கியர்.

எந்தக் கியரில் ஏறுவீர்களோ அந்தக் கியரில் இறங்குங்கள். ஓட்டோ கியர் வாகனத்தில் 'எல்' அல்லது '2' என்று ஒன்று இருக்கும், அதை வைத்திருப்பது இதற்குத்தான். வளைவில் ஹோர்ன் அடிக்கக் கூச்சப்படாதீர்கள், ஏறி வருகிறவருக்கு வழிவிடுங்கள். பனிமூட்டத்தில் பெரிய வெளிச்சம் போட்டால் அது அப்படியே திரும்பி உங்கள் கண்ணிலேயே அடிக்கும், சின்ன வெளிச்சம்தான்.

பிள்ளைகளுக்கு வளைவில் சத்தி வருமே?

வரும். கம்பளைக்குப் பிறகு போனையும் புத்தகத்தையும் வாங்கி வைத்துவிடுங்கள். முன் இருக்கை, திறந்த யன்னல், கையில் ஒரு தேசிக்காய். வயிறு முட்டச் சாப்பிடவும் கூடாது, வெறும் வயிறாகவும் இருக்கக் கூடாது. இத்தனைக்குப் பிறகும் என் தம்பியின் மகன் றம்பொடையில் எடுப்பான், அந்த நீர்வீழ்ச்சியை அவன் இன்னும் ஒழுங்காகப் பார்க்கவில்லை.

சிவனொளிபாதத்துக்கு எத்தனை மணிக்கு ஏறத் தொடங்குவது?

நல்லதண்ணி வழி, 5,000 படிக்கு மேல். எல்லோரும் சூரிய உதயத்துக்கு ஏறுகிறார்கள், உதயம் ஆறேகால் ஆறரை அளவில். பெரியவர்கள் தனியாக என்றால் 2 மணிக்குத் தொடங்கினால் போதும், பிள்ளைகளோடு என்றால் 12.30 அல்லது 1 மணி. இதைவிட முந்தி ஏறினால் அதிலும் ஒரு சிக்கல் உண்டு. வியர்த்து நனைந்த உடம்போடு உச்சிக் காற்றில் ஒன்றரை மணித்தியாலம் உதயத்துக்காகக் காத்து நிற்க வேண்டிவரும், குளிர் பிடிப்பது ஏறும்போது இல்லை, அந்த நிற்கிற நேரத்தில்தான். நாங்கள் கடைசித் தேத்தண்ணிக் கடையில் வேண்டுமென்றே நேரம் போக்கிவிட்டு, உள்ளே போட்டிருக்கும் நனைந்த பெனியனை மாற்றிக்கொண்டு மேலே போவோம்.

போயா (பூரணை) நாளிலும் சனி, ஞாயிறிலும் கடைசிப் பகுதியில் வரிசை அப்படியே நின்றுவிடும். வார நாளில் போனால் பாதிச் சிரமம் குறையும். உச்சியில் எத்தனை முறை ஏறினீர்களோ அத்தனை முறை மணி அடிப்பது வழக்கம். அப்பா ஒன்பது அடித்தார், அம்மா அவரைப் பார்த்த பார்வையில் எண்ணிக்கை பற்றிச் சந்தேகம் இருந்தது. உதயம் முடிந்ததும் எல்லோரும் கிழக்கே படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் மேற்குப் பக்கம் போய்ப் பாருங்கள், மலையின் நிழல் முக்கோணமாக முகில்மேல் விழுந்து கிடக்கும். மலை முழுக்க மேடு பள்ளம், நிழல் மட்டும் அடிமட்டம் வைத்து வெட்டியது மாதிரி.

மொரோக்கோப் பயணி இபுன் பதூதா 1344இல் இங்கே ஏறியிருக்கிறார். அவரை அனுப்பி வைத்தது யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தி. பல்லக்கு, நாலு யோகிகள், மூன்று பிராமணர், சாப்பாடு தூக்க மட்டும் பதினைந்து பேர் என்று கூட்டி அனுப்பியதாக அவரே எழுதி வைத்திருக்கிறார். வானில் பொதி கூடிவிட்டது என்று மனைவி என்னைப் பேசும்போது இதைத்தான் சொல்லித் தப்புவேன்.

சீசன் இல்லாத காலத்தில் ஏறலாமா?

ஏறலாம், தடையில்லை. ஆனால் படிவெளிச்சம் இருக்காது, கடைகள் மூடியிருக்கும், மழை, காற்று, அட்டை. பிள்ளைகளோடு வேண்டாம்.

கிரிகல்பொத்த கஷ்டமா?

ஆம். ஒரு பக்கம் 7 கிலோமீற்றர், போய் வர ஆறு மணித்தியாலம் வையுங்கள், பிள்ளைகள் இருந்தால் ஏழு. படி இல்லை, கைபிடி இல்லை, கடை இல்லை. புல்வெளி, சேறு, பிறகு பாசி தொங்கும் குட்டை மரக்காடு, மறுபடி புல்வெளி, கடைசியில் பாறை. உலக முடிவு என்ற செங்குத்துப் பாறை விளிம்பைப் பார்க்கப் போகிற கூட்டத்தில் நூற்றில் ஒருவர்கூட இந்தப் பக்கம் திரும்புவதில்லை, அதுதான் அதன் அழகு. பூங்கா வாசல் காலை 6 மணிக்குத் திறக்கும், அப்போதே வாசலில் நிற்க வேண்டும், அதற்கு நுவரெலியாவிலிருந்து நாலே முக்காலுக்கு வெளிக்கிட வேண்டும்.

நாங்கள் முதல் தடவை போனது ஒரு பெப்ரவரியில். புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி, சின்னவனுக்கு அப்போது 6 வயது, சப்பாத்தால் மிதித்து மிதித்து நொருங்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நடந்தான். வானம் கழுவி விட்டது மாதிரி. ஒன்பதரை மணி இருக்கும், கீழே பள்ளத்தாக்கிலிருந்து முகில் மேல் நோக்கி ஏறி வந்தது. மழை மேலிருந்துதான் வரும் என்று நினைத்துக்கொண்டிருந்த எங்களுக்கு அது புதுசு. ஐந்து நிமிடத்தில் முன்னால் போன தம்பி தெரியவில்லை, குரல் மட்டும்தான். தூறலும் காற்றும் சேர்ந்து அடிக்க, சின்னவன் பையின் சிப்பைத் திறக்கப் பார்த்தான், விரல் வளையவில்லை. "அப்பா, என்ர கை வேலை செய்யுதில்லை" என்றான், அழவில்லை, சும்மா தகவல் சொல்வதுபோல. உதடு நாவல்பழ நிறம்.

கடைசிப் பாறை ஏற்றம் மட்டும் மிச்சம் இருந்தது. தம்பிக்குத் திரும்ப மனமில்லை, இன்னும் அரை மணித்தியாலம்தானே அண்ணா என்றான். நான் திரும்புவோம் என்றேன். அவனுடைய முகம் அம்பேவெல வரைக்கும் நேராகவில்லை, வானுக்குள் ஒரு வார்த்தை பேசவில்லை. பால் பண்ணையில் சூடாகப் பால் வாங்கிக் கொடுத்த பிறகுதான் சிரித்தான். அடுத்த வருடம் அவனும் நானும் மகளும் போய் ஏறினோம், உச்சியில் முழு முகில், ஒன்றுமே தெரியவில்லை. பாறையில் உட்கார்ந்து எள்ளுருண்டை சாப்பிட்டுவிட்டு இறங்கினோம்.

கூட்டத்தில் ஆகச் சின்ன ஆளுக்கு எப்போது குளிர்கிறதோ அப்போது எல்லோரும் திரும்புவது. இதை வீட்டிலேயே, வெளிக்கிட முதலே பேசி முடிவெடுங்கள், மலையில் நின்று விவாதிக்க முடியாது.

என்ன உடுப்பு?

1,000 மீற்றர் ஏறினால் ஏறக்குறைய 6.5 பாகை குறையும் என்று பொதுவாகச் சொல்வார்கள். யாழ்ப்பாணத்தில் இரவு 24 பாகை என்றால் சிவனொளிபாத உச்சியில் 9 பாகை அளவு, அதன்மேல் காற்று. டெனிம் காற்சட்டை வேண்டவே வேண்டாம், நனைந்தால் கல்லுப்போலக் கனக்கும், நாள் முழுக்கக் காயாது. பருத்தியும் அப்படித்தான். விளையாட்டுக்குப் போடும் மெல்லிய நைலோன் துணி, அதன்மேல் ஒரு கம்பளி, அதன்மேல் மழைக்கோட்டு. மூன்று மெல்லிய உடுப்பு ஒரு தடித்த ஜக்கெற்றைவிட நல்லது, ஏறும்போது கழற்றலாம், நின்றதும் போடலாம். குடை உச்சிக் காற்றில் பத்து நிமிடம் தாங்காது. கம்பளித் தொப்பி, கையுறை, ஆளுக்கு இரண்டு சோடி காலுறை, ஆளுக்கொரு டோர்ச். போன் வெளிச்சத்தை நம்பாதீர்கள், குளிரில் பற்றரி சீக்கிரம் இறங்கும். மாற்று உடுப்பு வானில் ஒரு செட் எப்போதும் காய்ந்தபடி இருக்க வேண்டும், அதை யாரும் எந்தக் காரணத்துக்கும் மேலே கொண்டுபோகக் கூடாது.

மலையில் என்ன சாப்பிடுவது?

ஹோட்டன் சமவெளி வாசலில் பையைப் பார்ப்பார்கள், பொலித்தீன் உள்ளே போகாது, தண்ணீர்ப் போத்தலின் லேபிளைக்கூட உரித்து எடுத்துவிடுவார்கள். அதனால் எல்லாம் டப்பாவில். பாணும் சீனிச்சம்பலும், அவித்த முட்டை, கதலி வாழைப்பழம், கச்சான், பயத்தம் உருண்டை. பிளாஸ்கில் வெறும் தேத்தண்ணி, ஆளுக்கொரு துண்டு பனங்கட்டி. குளிர்ந்த பாறையில் உட்கார்ந்து பனங்கட்டியைக் கடித்துக் கடித்துச் சுடச்சுடக் குடிக்கிற அந்தத் தேத்தண்ணிக்காகவே அம்மா வருகிறா என்று நினைக்கிறேன், மலையை அவ பெரிதாகப் பார்ப்பதில்லை. மான்கள் வாகனத் தரிப்பிடத்துக்கே வந்து பைக்குள் மூக்கை விடும், ஒன்றும் கொடுக்காதீர்கள்.

அட்டைக்கு என்ன செய்வது?

காலுறைக்குள் காற்சட்டையை விட்டு, காலுறையின்மேல் சவர்க்காரக் கட்டியை ஈரமாகத் தேய்த்துவிடுங்கள், அல்லது சித்தாலேப என்ற தைலத்தைப் பூசுங்கள். கடித்தால் இழுத்துப் பிய்க்காமல் நகத்தால் பக்கவாட்டாகத் தள்ளிவிடுங்கள். இரத்தம் கொஞ்ச நேரம் நிற்காது, பயப்பட ஒன்றுமில்லை. கனடா மச்சாள் இதை ஏற்றுக்கொள்ளவில்லை, அது வேறு கதை.

உச்சியில் நிற்கும்போது இடி தொடங்கினால்?

படம் எடுத்துக்கொண்டு நிற்காமல் உடனே இறங்குங்கள். திறந்த புல்வெளி, முகடு, தனி மரம், இரும்புக் கைபிடி, இந்த நாலையும் விட்டு விலகுங்கள். இறங்க நேரமில்லை என்றால் தாழ்வான இடத்தில் ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டுக் குந்தியிருங்கள். இது பெரும்பாலும் பின்னேரப் பிரச்சினை, முற்பகலில் இறங்கியவருக்கு வான் யன்னலால் பார்க்கிற வேடிக்கை.

மண்சரிவு அபாயம்?

இதில் விளையாட்டு வேண்டாம். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தயில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களையே மண் மூடியது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் மலைநாட்டு வீதிகளையும் தண்டவாளத்தையும் பல இடங்களில் அறுத்துக்கொண்டு போனது, போன உயிர்கள் நூற்றுக்கணக்கில். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மாவட்டம், பிரதேச செயலகம் என்று பிரித்து மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று எச்சரிக்கை விடும். போகும் வழியில் செம்மஞ்சள் இருந்தால் நாங்கள் போவதில்லை. வீதியோரச் சரிவில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், தெளிவாக ஓடிய ஊற்று திடீரென்று சேறாக வருவது, இவற்றில் எதைக் கண்டாலும் வானை நிறுத்திப் படம் எடுக்காமல் அந்த இடத்தைக் கடந்துவிடுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119. மலையில் சமிக்ஞை இருக்கிற இடமும் இல்லாத இடமும் மாறி மாறி வரும், அதனால் திரும்பி வரும் நேரத்தைக் கீழே தங்குமிடத்தில் சொல்லிவிட்டுப் போங்கள்.

சிறுத்தை இருக்காமே?

ஹோட்டன் சமவெளியில் இருக்கிறது. நாங்கள் கண்டது அதன் எச்சத்தை மட்டும். பிள்ளைகளைத் தனியாக முன்னால் ஓட விடாதீர்கள், அது போதும்.

அம்மம்மாவும் வருவேன் என்கிறா, கூட்டிப் போகலாமா?

கூட்டிப் போங்கள். ஆனால் எல்லா உச்சிக்கும் எல்லோரும் ஏற வேண்டும் என்று இல்லை. முழங்கால் வலிக்காரருக்கு ஏறுவதைவிடப் படி இறங்குவதுதான் வேதனை, சிவனொளிபாதத்தில் அது விளங்கும்போது பாதி வழியில் இருப்பீர்கள். என் அம்மாவுக்கு 68, தொட்டுபொல ஏறினா, மெதுவாக, இரண்டு இடத்தில் உட்கார்ந்து. கிரிகல்பொத்தக்கு நாங்கள் போன அன்று அவவும் சித்தியும் பிதுருதலாகலவுக்கு வாகனத்தில் போய்விட்டு வந்து, நாட்டிலேயே உயரமான இடத்தில் நின்றது நாங்கள்தான், நீங்கள் இல்லை என்று இரவு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மறுக்க முடியவில்லை. ஆஸ்துமா, இருதய வருத்தம் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டுவிட்டு வாருங்கள், இன்ஹேலர் பொதிக்குள் இல்லாமல் சட்டைப்பைக்குள் இருக்க வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினருக்கு வேறு கட்டணமா?

தேசியப் பூங்காவில் ஆம், வித்தியாசம் நிறைய. நீங்கள் அடையாள அட்டையைக் கொண்டுபோக மறக்காதீர்கள். சிவனொளிபாதத்துக்கு நுழைவுக் கட்டணமே இல்லை.

சப்பாத்து நனைந்து போனால் அடுத்த நாள் எப்படி?

உள்தகட்டைக் கழற்றிவிட்டு, பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கி உள்ளே இறுக்கி அடையுங்கள், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை தாளை மாற்றுங்கள், காலையில் ஓரளவு போடலாம். அடுப்புக்குக் கிட்ட வைக்காதீர்கள், அடி கழன்றுவிடும். தம்பியின் சப்பாத்துக்கு நடந்தது அதுதான், மிச்சப் பயணம் முழுக்க அவன் பாட்டா செருப்போடு வந்தான். இதற்காகவே ஊரிலிருந்து வெளிக்கிடும்போது ஒரு கட்டுப் பழைய பேப்பரை வானின் பின் இருக்கைக்குக் கீழே போட்டு வைப்போம், போகும் வழியில் சத்தி எடுக்கிறவருக்கும் அது உதவும்.